முப்பத்து மூவாயிரம் குழல்களின் நண்பகற் கச்சேரி

பழுதுபட்ட வாத்தியத்தைத் திருத்திய பின்னரே அவைக்குக் கொண்டுவருதல் எந்த நாட்டுக்கும் பொதுவான வழக்கமாகும். வார் அறுந்த மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு கச்சேரிக்கு அமரும் வித்துவானை நாம் கண்டதில்லை. பாதித் தந்திகள் போன வீணையைக் காட்டி, "எஞ்சிய தந்திகளில் வாசிக்கிறேன், கேளுங்கள், மற்றத் தந்திகளைப் பூட்டுவதற்குப் பொருள் உதவுங்கள்" என்று சபையோரை வேண்டியவரையும் கண்டதில்லை. ஆயினும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே, நியூ ஜேர்சி மாநிலத்து அத்திலாந்திக் சிற்றி என்னும் நகரத்திலே, இவ்விந்தை நடைபெற்று வருகின்றது. உலகிலே மனிதன் செய்த வாத்தியங்களுள் மிகப் பெரியது எனப்படும் குழல் ஓர்கன் ஒன்று, முழுமையாகக் குணமாகாத நோயாளியைப் போல, கோடைகால நண்பகல்களில் எழுந்து அமர்ந்து அரை மணி நேரம் பாடுகின்றது. கட்டணம் இல்லை. கேட்டு மனம் நிறைந்தவர்கள் கொடுக்கும் நன்கொடை அதன் வைத்தியச் செலவுக்குப் போகின்றது.

அதே கட்டிடத்தின் நடன மண்டபத்திலே இன்னோர் ஓர்கன் இருக்கின்றது. அது அளவிற் சிறியது, இனத்தாலும் வேறானது. அதனைத் தியேட்டர் ஓர்கன் என்பார்கள். அதன் கச்சேரிகளும் இதே கைங்கரியத்துக்காகவே நடைபெறுகின்றன. பெரியவனின் கதையைச் சொல்லுமுன் இச்சிறியவனின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் அக்குலமே இன்று அருகிவிட்டது.

ஊமைப்படங்களின் குரல்

நம் நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களில் ஓர்கன் வாசிப்பதைக் கேட்டவர்கள் பலர் இருக்கலாம். நாடக மேடையின் ஓரத்திலே காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தைக் கண்டவர்கள் இன்னும் பலர். ஆர்மோனியத்திலே காற்றுப் பட்டு உலோக நாக்குகள் அதிர்கின்றன. குழல் ஓர்கனிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு குழல் உண்டு. நாதத்தின் தன்மை மாறவேண்டுமானால் வேறொரு குழல்வரிசை வேண்டும். புல்லாங்குழல் போன்ற ஓசைக்கு ஒரு வரிசை, எக்காளம் போன்ற ஓசைக்கு இன்னொரு வரிசை என்று பெருகிக்கொண்டே போகும்.

ஆலயத்துக்குரிய இவ்வாத்தியத்தைச் சினிமாக் கொட்டகைக்கு இழுத்து வந்தவர்களுள் முதன்மையானவர் ரொபேட் ஹோப் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1859இல் பிறந்த இவர் தொலைபேசிக் கம்பனியொன்றில் மின்சார நிபுணராகத் தொழில் பார்த்தவர். தொலைபேசிக் கம்பிகளோடு பழகிய கை ஓர்கனைத் தொட்டபோது, வாசிப்பவரின் கட்டைகளுக்கும் குழல்களுக்கும் இடையே மரச்சட்டங்களுக்குப் பதிலாக மின்கம்பி ஓடிற்று. குழல்களை ஓரிடத்திலும் வாசிப்பவரை வேறோரிடத்திலும் அமர்த்த முடிந்தது. அதனிலும் பெரிய தந்திரம் ஒன்றையும் அவர் கையாண்டார். ஒரே குழல்வரிசையைப் பல கட்டைவரிசைகளிலிருந்தும், பல தாயிகளிலும் ஒலிக்கச் செய்தார். பத்து வரிசைக் குழல்களைக் கொண்டு முப்பது வரிசைக்குரிய ஆரவாரத்தை எழுப்புவது இதனால் இயன்றது. மத்தளம், சேகண்டி, மணி ஆகியவற்றையும் பறவையின் சீழ்க்கை, குதிரைக் குளம்பொலி, மோட்டார் ஊதி, வாயில் மணி ஆகியவற்றையும் அதே வாத்தியத்தினுள் பொருத்தினார்கள்.

ஹோப் ஜோன்ஸ் 1903இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். சொந்தத் தொழில் நொடித்தது. 1910இல் வேர்லிற்சர் கம்பனி அவருடைய தொழிலையும் உரிமைகளையும் வாங்கிக்கொண்டது. தம் கண்டுபிடிப்புக்கள் பிறர் கையிற் செழித்து வளர்வதை ஓரத்தில் நின்று பார்த்த அம்மனிதர் 1914இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் இறந்த பின்னரே தியேட்டர் ஓர்கனின் பொற்காலம் பிறந்தது. வேர்லிற்சர் கம்பனி மட்டும் ஏறக்குறைய 2,200 வாத்தியங்களைச் செய்து விற்றது.

ஊமைப்படக் காலத்திலே திரையில் நடப்பனவற்றுக்கெல்லாம் ஒலி தந்தவர் ஓர்கன்காரரே. காதலர் சந்தித்தால் குழைவான நாதம், கள்வன் தப்பி ஓடினால் துரித கதி, கதவு தட்டினால் மணியோசை. இருபது பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்குக் கொடுக்கவேண்டிய சம்பளம் முதலாளிக்கு மிச்சமாயிற்று என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் 1927இல் 'த ஜாஸ் சிங்கர்' என்ற படம் வாய் திறந்து பேசிற்று. சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் ஓர்கன்காரர்கள் வேலை இழந்தார்கள். வாத்தியங்கள் தூசி படிந்தன. சில உடைத்து விற்கப்பட்டன. கொட்டகைகளோடு சேர்ந்து இடிபட்டவையும் உண்டு.

அத்திலாந்திக் சிற்றியின் நடன மண்டபத்து ஓர்கன் இவ்வினத்தின் கடைக்குட்டிகளுள் ஒன்று. சிக்காகோ நகரத்துக் கிம்பல் கம்பனியார் செய்தது. நான்கு கட்டைவரிசைகளும் 55 குழல்வரிசைகளும் உடையது. வேர்லிற்சர் செய்த தியேட்டர் ஓர்கன்களுள் மிகப் பெரியதாகிய நியூயோர்க் ரேடியோ சிற்றி வாத்தியத்துக்கே 58 வரிசைகள்தாம் என்றால், இதனைச் சிறியது என்று நாம் சொன்னதன் பொருள் விளங்கும். பக்கத்து அறையிலுள்ள அண்ணனோடு ஒப்பிட்டாற்றான் இது சிறியது. பேசும்படம் வெற்றிவாகை சூடிய பின்னர் வந்து பிறந்த குழந்தை இது. தன் குலத்தொழில் அழிந்த வேளையில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு இன்று ஊமைப்படங்களைத் திரையிட்டு அவற்றுக்கு வாசிக்கும் வாய்ப்புக் கிடைப்பது ஒரு வேடிக்கைதான்.

ஒரு செனற்றரின் ஆசை

இனி அண்ணனின் கதைக்கு வருவோம்.

1929இல் அத்திலாந்திக் சிற்றி மக்கள் தங்கள் கடற்கரை நடைபாதையோரமாக ஒரு மாபெரும் மண்டபத்தைக் கட்டித் திறந்தார்கள். நடுவிலே ஒரு தூண்கூட இல்லை. கூரையின் உயரம் 137 அடி. அக்காலத்தில் அந்நகரம் அமெரிக்கரின் உல்லாச புரியாக விளங்கியது. நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் 'மொனோபொலி' என்ற காய் விளையாட்டின் அமெரிக்கப் பலகையிலுள்ள வீதிகள் பெரும்பாலும் அந்நகரத்து வீதிகளே என்றால் அதன் செல்வாக்கு விளங்கும். இத்தகைய மண்டபத்தை நாதத்தால் நிரப்புவது எவ்வாறு? ஒலிபெருக்கி அப்பொழுதுதான் தவழத் தொடங்கியிருந்தது.

எமர்சன் றிச்சர்ட்ஸ் என்பவர் அந்நகரத்தவர், தொழிலால் வழக்கறிஞர், மாநில மூதவையில் அங்கம் வகித்த செனற்றர். அவருடைய உள்ளமோ ஓர்கன்களிலேயே கிடந்தது. ஐரோப்பாவெங்கும் சென்று பழைய ஓர்கன்களைக் கேட்டும் அளந்தும் வந்தவர். முன்னரே நகரத்து உயர்தரப் பாடசாலைக்கு ஓர் ஓர்கனைத் திட்டமிட்டுக் கொடுத்திருந்தார். அரசியல்வாதி ஒருவருக்கு இத்தகைய பித்துப் பிடித்தால் அதன் செலவை ஊர் தாங்கவேண்டியதுதான். ஏறத்தாழ ஐந்து இலட்சம் டொலர் செலவாயிற்று. லோங் ஐலன்ட் தீவிலிருந்த மிட்மர் லொஷ் என்ற சிறு நிறுவனம் வேலையை ஏற்றது. 1929 மே மாதம் தொடங்கி 1932 டிசெம்பர் வரை நீண்ட அந்த வேலையோடு பெரும் பொருளாதாரச் சரிவும் வந்து சேர்ந்தது. வாத்தியம் எழுந்து நின்றது. செய்த நிறுவனம் வங்குரோத்தாகி விழுந்தது.

இவ்வாறு பிறந்த வாத்தியத்தின் அளவுகளைச் சொன்னால் புராணம் படிப்பதுபோல் இருக்கும். 33,112 குழல்கள் என்று கின்னஸ் புத்தகம் கணக்கிடுகின்றது. மண்டபத்தைச் சுற்றி எட்டு அறைகளில் அவை நிற்கின்றன. வாசிப்பவர் முன்னே ஏழு கட்டைவரிசைகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டுப்போல. நாதங்களைத் தேர்ந்தெடுக்கும் சிறு விசைகள் மட்டும் 1,235. மேல்வரிசையை எட்டுவதற்கு வாசிப்பவர் உடலை முன்னே வளைக்கவேண்டும். காற்று ஊதும் யந்திரங்களின் மொத்த வலு 600 குதிரைவலுவை அண்டியது.

குழல்களுள் மிகப் பெரியதன் நீளம் 64 அடி 9 அங்குலம். ஓங்கி வளர்ந்த பனைமரம் ஒன்றை மனத்திலே நிறுத்திப் பாருங்கள், அத்தகைய மரக்குழல். அதன் அடிச்சுரம் விநாடிக்கு எட்டுத் தடவையே அதிர்கின்றது. மனிதச் செவிக்கு எட்டுவதோ விநாடிக்கு இருபது அதிர்வுகள் அளவிலிருந்துதான். ஆதலால் அதனைச் சுரமாகக் கேட்க முடியாது, உடம்பால் உணரவேண்டும். முழு நீளமான 64 அடிக் குழல்கள் கொண்ட ஓர்கன்கள் உலகத்தில் இரண்டே இரண்டுதான். மற்றது அவுஸ்திரேலியாவில், சிட்னி நகர மண்டபத்தில் உள்ளது. அத்திலாந்திக் சிற்றியின் இப்பெருங்குழல்வரிசை 'டயபோன்' என்ற வகையைச் சேர்ந்தது. அதனைக் கண்டுபிடித்தவரும் நாம் மேலே கண்ட ஹோப் ஜோன்ஸ்தான். பனிமூட்டத்திலே கப்பல்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும் வெளிச்சவீட்டு ஊதிகளும் பின்னர் அதே தத்துவத்தைக் கொண்டு அமைக்கப்பட்டன.

ஓசையின் உரத்துக்கும் ஒரு கதை உண்டு. ஓர்கனின் காற்றழுத்தத்தை வளைந்த கண்ணாடிக் குழாயிலுள்ள நீரை எவ்வளவு உயர்த்துகின்றது என்று பார்த்து அங்குலக் கணக்கிற் சொல்வார்கள். ஆலய ஓர்கனுக்கு மூன்று நான்கு அங்குலம் போதும். தியேட்டர் ஓர்கனுக்குப் பத்து, பதினைந்து. இங்கே 'கிராண்ட் ஒபிக்கிளைட்' என்ற வரிசைக்கு 100 அங்குலம். அதாவது நீர் எட்டடிக்கு மேல் எழும்பும். ரயில் எஞ்சினின் மிகப் பலத்த ஊதலைப் போல் ஆறு மடங்கு ஓசை என்பது கின்னஸ் புத்தகத்தின் கூற்று. இவ்வளவு ஓசை சங்கீதத்துக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. நமக்கும் கிம்பலின் குழைவிலேயே மனம் சாய்கின்றது.

கடலும் கட்டிடக்காரரும்

1942இல் மண்டபத்தை அமெரிக்க விமானப்படை பயிற்சிக்காக எடுத்துக்கொண்டது. 1944 செப்டெம்பர் 14ஆந் திகதி பெரும் சூறாவளி ஒன்று அக்கரையைத் தாக்கிற்று. கடல் நீர் நகரத்துள் பாய்ந்தது, ஓர்கனும் தப்பவில்லை. கட்டி முடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அன்றுதொட்டு இன்றுவரை அவ்வாத்தியம் ஒரு நாளாயினும் முழுமையாக ஒலித்ததில்லை.

மண்டபத்தின் வாழ்வோ நிற்கவில்லை. அழகுராணிப் போட்டிகள் ஆண்டுதோறும் நடந்தன. 1964 ஓகஸ்ட் மாதத்திலே டெமொக்கிரற்றிக் கட்சி மாநாடு அங்கே கூடி லிண்டன் ஜோன்சனை வேட்பாளராகத் தெரிவு செய்தது. மாநாடு கலைந்து சில நாட்களில் 'பீற்றில்ஸ்' இளைஞர்கள் அதே மண்டபத்திற் பாடினார்கள். 1970இல் கூரைக்கடியிலே ஒரு ஹெலிகொப்ரரைக்கூடப் பறக்கவிட்டார்கள். சுவர்களின் பின்னே நின்ற குழல்கள் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. அவை பேசுவது ஆண்டுக்காண்டு குறைந்தது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவாரில்லை. 1978இல் சூதாட்ட மாளிகைகள் திறக்கப்பட்டன. நகரத்தின் கண் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

கடல் செய்த கேட்டுக்கு மேலாக மனிதர் செய்த கேடு ஒன்றும் உண்டு. 1998 முதல் 2001 வரை மண்டபத்தைப் பெருஞ் செலவிற் புதுப்பித்தார்கள். சுவர் மெருகேறிற்று, கூரை பழைய பொலிவைப் பெற்றது. ஓர்கனோ முன்னிலும் கேவலமாயிற்று. வேலைக்கு இடைஞ்சலாயிருந்த காற்றுக் குழாய்கள் வெட்டப்பட்டன. கட்டிடத் தூசி எங்கும் புகுந்தது. ஓரளவேனும் ஒலித்துக்கொண்டிருந்த பகுதியும் அடங்கிப் போயிற்று. தேரைப் புதுக்கச் சென்று மூலமூர்த்தியைச் சிதைத்தது போன்ற காரியம் அது.

தோலும் கையும்

ஊமையாகிப்போன வாத்தியத்தை எழுப்புவதற்கென 2004இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. மதிப்பீடு ஒரு கோடி அறுபது இலட்சம் டொலர். இவ்வளவு பணம் எதற்கு என்று வியப்பவர்கள், ஓர்கனின் உள்ளே என்ன நடக்கின்றது என்பதை அறியவேண்டும்.

வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்துகின்றார். மின்சாரம் ஓடுகின்றது. எங்கோ ஓர் அறையில் சிறிய மின்காந்தம் ஒன்று ஒரு துளையைத் திறக்கின்றது. மெல்லிய தோலாற் செய்த சிறு பை ஒன்றிலிருந்த காற்று வெளியேறுகின்றது, பை சுருங்குகின்றது, அதனோடிணைந்த அடைப்பு விலகி, காற்று குழலுக்குள் பாய்கின்றது. இவையனைத்தும் இமைப்பொழுதுக்குள் முடிகின்றன. உலோகக் குழல் நூற்றாண்டு நிற்கும், மரக்குழலும் நிற்கும். தோல் நிற்காது. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அது காய்ந்து வெடித்துப் போகும். ஆயிரமாயிரம் தோற்பைகள்! ஒவ்வொன்றையும் கழற்றி, பழைய தோலைச் சுரண்டி, புதுத்தோல் வெட்டி ஒட்டிப் பூட்டவேண்டும். யந்திரம் செய்யாத வேலை இது. நம்மூரில் மிருதங்கத்துக்கு மூட்டுக் கட்டுபவரின் பொறுமை இதற்கு வேண்டும். அதற்குமேல் அறுந்த கம்பிகள், கசிந்த காற்றறைகள், நசுங்கிய குழல்கள்.

இங்கேதான் கச்சேரியின் அவசியம் வருகின்றது. முழுவதையும் திருத்தி முடித்த பின்னரே திறப்போம் என்று கதவைச் சாத்தியிருந்தால், எவர் நினைவிலும் இராத வாத்தியத்துக்கு எவரும் பணம் கொடுத்திருக்கமாட்டார்கள். 2013 செப்டெம்பரில் அழகுராணிப் போட்டி மீண்டும் அம்மண்டபத்துக்கு வந்தபோது, திருத்தப்பட்ட பகுதியைக் கொண்டு ஓர்கன் ஒலித்தது. பல்லாண்டுகளுக்குப் பின் பெருஞ்சபை அதனைக் கேட்டது. அதன் பின்னர் கோடை நண்பகல்களில் இலவசக் கச்சேரி என்ற ஏற்பாடு வேரூன்றிற்று. கடற்கரை நடைபாதையில் உலாவ வந்தவர், குளிக்க வந்த குடும்பத்தினர், சூதாட்ட மாளிகையிற் பணத்தைத் தொலைத்து வெளியே வந்தவர் எவராயினும் உள்ளே வந்து அமரலாம். பல்லாயிரவர் கொள்ளும் மண்டபத்திலே நூறு பேர் இருந்தால் அது ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். ஒலி எழுந்தால் மண்டபம் காலியென்பது மறந்துபோகும்.

வாசிப்பவரின் திறமையை நாம் தனியே பாராட்டவேண்டும். எந்த வரிசை இன்று பேசும், எது பேசாது என்பதறிந்து அவர் நாதங்களைத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கின்றது. இல்லாததைக் கொண்டு வாசிக்க முடியாது. இருப்பதைக் கொண்டு குறை தெரியாமல் வாசிக்கவேண்டும். பாக்கின் பெருங்கிருதியானாலும் படை நடைப் பாட்டானாலும் பழைய சினிமா மெட்டானாலும் இதுவே நிபந்தனை. நடன மண்டபத்திலே கிம்பலின் முன் அமர்பவருக்கும் பழமை தரும் தொல்லைகள் உண்டு. ஆனால் அங்கே கூட்டம் வாத்தியத்துக்கு அருகில் அமர்கின்றது. பறவைச் சீழ்க்கையும் மணியோசையும் வந்தால் குழந்தைகள் சிரிக்கின்றன. பணம் கொடுக்கும் மனத்தைத் திறப்பதற்குப் பெரியவனின் கர்ச்சனையைவிடச் சிறியவனின் கொஞ்சல் சில வேளைகளில் வல்லமையுடையது என்பது நமது எண்ணம்.

இவ்வளவும் வீண் ஆடம்பரம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்நகரம் செல்வச் செழிப்பிலே திளைக்கும் நகரமன்று. பளபளக்கும் சூதாட்ட மாளிகைகளுக்குப் பின்னே வறுமைப்பட்ட வீதிகள் பல உண்டு. மாளிகைகளுட் சில 2014இல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். அப்படிப்பட்ட ஊரிலே குழல்களுக்குக் கோடி டொலரா என்று ஒரு தொழிலாளி கேட்டால் அவரைக் குறை கூற முடியாது. அவர் வாயில் காவலர் எவருக்கும் சீட்டுக் காட்டாமல் உள்ளே சென்று கேட்கக்கூடியதாக அந்நகரத்தில் எஞ்சியிருப்பனவற்றுள் இவ்வோர்கனும் ஒன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று பெரிய ஓர்கனிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி ஒலிக்கின்றது. மேடைக்கு இருபுறமுமுள்ள அறைகள் பெருமளவு குணமடைந்துவிட்டன. மண்டபத்தின் நடுவிலும் மேலேயும் உள்ளவற்றுக்கு இன்னும் முறை வரவில்லை. திருத்தும் பட்டறை அதே கட்டிடத்துக்குள்ளேயே இருக்கின்றது. நண்பகற் கச்சேரி முடிந்து சபையோர் வெயிலுக்குள் இறங்கிய பின்னர், பட்டறையிலுள்ளோர் அடுத்த பெட்டியைத் திறந்து காய்ந்த தோலைச் சுரண்டத் தொடங்குகின்றார்கள்.